முதுகுக்கு ஒரு தகடு

ஃபுஜைராவில், மீன் மார்க்கெட்டின் பின்தெருவில்,
டைவிங் கடை மேசைமேல் இரண்டு தகடுகள்.
ஒரே அச்சு, ஒரே வளைவு, துளைகள்கூட ஒரே இடத்தில்.
தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்
எது எஃகு, எது அலுமினியம்.

"ரெண்டே முக்கால்" என்றான் ரோதெல், எஃகைத் தட்டி.
"அது ஒரு கிலோகூட இல்லை."

நான் லிஃப்ட் மெக்கானிக்.
எடையை எடையால் ஏமாற்றுவது என் பிழைப்பு.
பதினெட்டாம் மாடிக்குப் பெட்டி ஏறும்போது
சுவருக்குப் பின்னே, யாரும் பார்க்காத இருட்டில்,
இரும்புக் கட்டிகள் அதே வேகத்தில் இறங்குகின்றன.
பெட்டியின் எடை, அதோடு பாதி ஆட்களின் எடை.
முழு ஆட்களுக்கும் போடமாட்டோம்.
எப்போதும் எல்லோரும் ஏறுவதில்லை.

தண்ணீரில் கணக்கு வேறு.
போன ஞாயிறு, திப்பா பாறைப் பக்கம்,
கரையேறும் முன் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்
நிற்க வேண்டும்.
காற்றுக்கும் எடை உண்டென்று
அது தீர்ந்த பிறகுதான் தெரிகிறது.
காலியான சிலிண்டர் தக்கையாகி மேலே இழுக்க,
இடுப்பில் ஆறு கிலோ ஈயம் இருந்தும்
நான் தலைகீழாய்.
ரோதெல் என் கால்துடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்,
காற்றாடிக் கயிறு பிடிப்பவன் மாதிரி.
பெல்ட் பதித்த சிவப்புக் கோடு
புதன்கிழமைவரை போகவில்லை.

"அப்படியானால் எஃகு" என்றேன்.
"பொறு. ஆபத்தென்றால் ஈயத்தைக் கழற்றி எறியலாம்.
முதுகில் திருகியதை எறிய முடியாது."
கடனைப் போல, என்று சொல்ல வந்தேன்.
எல்லாவற்றையும் கடனோடு ஒப்பிடும் பழக்கத்தை
விட்டுவிட முயல்கிறேன்.

அலுமினியத்துக்கும் ஒரு வியாதி உண்டு.
எஃகு போல்ட்டை அதன்மேல் முறுக்கி உப்பில் முக்கினால்
வெள்ளையாய்ப் பூக்கும்.
கடற்கரை ஹோட்டல்களில், லிஃப்ட் கதவின் அடியில்
பார்த்திருக்கிறேன்.
நகத்தால் சுரண்டினால் உதிரும்.

"ஊருக்குக் கொண்டுபோக அலுமினியம்தான்,"
கடைக்கார ஹம்தான் சொன்னார்,
"முப்பது கிலோதானே விடுவான்."

முப்பது கிலோ.
பதினொரு வருஷமாய் இங்கே தொட்ட பொருளையெல்லாம்
அந்தத் தராசில்தான் வைத்தேன்.
மிக்ஸி. பால்பவுடர் டின்.
மகளுக்கு ஸ்கேட்டிங் ஷூ, ஒரு கிலோ எழுநூறு,
அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்ட பிறகு.
கட்டில் கம்பியில் தொங்கும் கொக்கித் தராசு.
இருநூறு கிராமுக்காக வெளியே நின்றுபோன
இரண்டு தைலப் புட்டிகள்.

மறு ஞாயிறு வாடகைக்கு எஃகு எடுத்தேன்.
ஈயம் ஆறிலிருந்து மூன்றானது;
கழற்றி எறிய அது போதும் என்றான் ரோதெல்.
ஐந்து மீட்டரில் கைகட்டி நின்றேன்.
மேலே போகவில்லை. கீழே போகவில்லை.
இரண்டு தளங்களுக்கு நடுவில் லிஃப்ட் நின்றால்
மணியடித்துக் கத்துவார்கள்.
இங்கே கத்துவதற்கு ஒன்றுமில்லை.
வரிவரியாய் ஒரு குட்டி மீன்
என் முகமூடிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுப் போனது.
மூன்று நிமிடம் முடிந்து, மேலே போகலாமென்று
ரோதெல் கட்டைவிரலைக் காட்டினான்.
நான் ஆள்காட்டி விரலைக் காட்டினேன்:
இன்னும் ஒன்று.

படகின் ஏணியில்தான் எஃகு தன் சுயரூபம் காட்டியது.
முழங்கால் நடுங்க, நாலு படி.

வாங்கிவிட்டேன். நானூற்றிருபது திர்ஹம்.

பிப்ரவரியில் லீவு.
"பெட்டில என்னல்லாம் வருது?" என்றாள் தாமரை, போனில்.
பட்டியல் சொன்னேன். தகடு அதில் இல்லை.
நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து
கட்டிலடியில் சாய்த்திருக்கிறேன்.
இங்கே வாங்கி, ஊருக்கு வராத முதல் பொருள்.

ராத்திரி அறைக்கூட்டாளி மதியரசு
கால் இடித்துக்கொண்டு கேட்டான், என்ன எழவுடா இது.
எதிர் எடை, என்றேன்.
லிஃப்ட் சாமான் என்று நினைத்துக்கொண்டு
படுத்துவிட்டான்.